பல் நாற்காலியில் ஒரு நடுவர்

ஜனவரி 10

அன்பும் குறும்பும் சரிபாதியாகக் கலந்த மருமகளுக்கு,

நான் நலம். என் முதுகு நலமில்லை. அது தனியாக உனக்குக் கடிதம் எழுதிக்கொள்ளும். உன் தொண்டை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்ற உறுப்புகளை அப்புறம் விசாரிக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப்போகிறேன். இதை யாருமே நம்பமாட்டார்கள் என்று என் பல் பிடுங்கும் குறட்டின் மேல் ஆணையிட்டு வாக்குறுதி தருகிறேன். நீ நம்பமாட்டாய். தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்பமாட்டார். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே பாதி நம்பிக்கைதான்.

உன் அம்மா என் கிளினிக்கில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறாள்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் அக்காவுக்குக் கடைவாய்ப்பல்லில் வலி. பக்கத்தில் வேறு பல் டாக்டர் இல்லாத கொடுமையால் தம்பியிடம் வந்தாள். வாயைத் திறக்கவைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. வாயில் பஞ்சு இருக்கிற கணக்கு டீச்சரால் யாரையும் அதட்ட முடியாது. ரெக்கார்டு பிளேயரைப் போட்டேன். நம் இருவருக்கும் முன்னால் பிறந்த டிரம்பெட் ஆல்பம் ஒன்று. அந்த மனிதன் ஊதிய முதல் ஊதலில் ஜன்னல் கண்ணாடி வெளியே புடைத்துப்போய்த் திரும்பி வந்தது. அலமாரியில் இருந்த பல் செட்டுகள் அத்தனையும் வாயைத் திறந்து மூடித் தாளம் போட்டன. சொத்தைப்பல் தானாகவே எழுந்து வந்து என் தட்டில் உட்கார்ந்து, அடுத்த பாட்டு என்ன என்று கேட்டது.

பஞ்சை எடுத்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "நாப்பத்தேழரை."

என்ன அது என்று கேட்டேன். நூற்றுக்கு என்றாள். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் அடிப்பவன் ஓர் இடத்தில் அவசரப்பட்டுவிட்டானாம். அதற்கு அரை மார்க் பிடித்தமாம். மீதி ஐம்பத்திரண்டு எங்கே போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாலை, கிளினிக்குக்கு விடுமுறை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அக்கா. மறுபடியும் வலியா என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ப் பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை.

உனக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்து நாம் இருவரும் கேட்கிற ஆல்பத்துக்கெல்லாம் முப்பத்திரண்டு பல்லுக்கு மார்க் போட்டு வருகிறோம். இப்போது நூற்றுக்குப் போடும் மூன்றாவது நடுவர் வந்தாயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரையே நானும் வழிமொழிகிறேன்: அரை மார்க் அம்மையார்.

பியானோ கேசட் ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கேட்டுப் பல் போடு.

பற்களின் பேரரசர்,
உன் மாமா

*

ஜனவரி 27

அன்புள்ள மாமா,

இங்கே நலம். தொண்டைக்குக் கொஞ்சம் கரகரப்பு, வெந்நீர் குடிக்கிறேன். உங்கள் முதுகுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். என் அறைக்குக் கீழே ரொட்டிக்கடை அடுப்பு எரிவதால் போர்வை தேவைப்படுவதில்லை. காலையில் மருந்துக்கடை வேலை, மாலையில் பாட்டு. நாள் ஓடுகிறது.

உங்கள் கதையை எங்கள் குழுவின் டிரம்ஸ்காரனிடம் படித்துக் காட்டினேன். அவன் கீழ்க்கடை ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். பல் செட்டுகள் தாளம் போட்டதை நம்புகிறானாம். அம்மா வந்ததை நம்பவில்லையாம்.

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பாடப்போகிறேன் என்று சொன்ன அன்று நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். "பாடு. எனக்குக் கேக்க வேணாம்." அவ்வளவுதான் அம்மா சொன்னது. தனி ஆளாக என்னை வளர்த்தவள், அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள்.

அவள் இளைத்திருக்கிறாளா? மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளா? மிகைப்படுத்தாமல் எழுதுங்கள். உங்களால் ஆகாது என்று தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

பியானோவுக்கு இருபத்துமூன்று பல். நன்றாகத்தான் வாசிக்கிறார். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் வீட்டை விட்டுப் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 14

வெந்நீர் குடிக்கும் வெண்கலக் குரலுக்கு,

நலம் விசாரித்த உனக்கு முதுகு நன்றி சொல்லச் சொன்னது, குனியத்தான் முடியவில்லையாம். நீ மருந்துக்கடையில் இருந்துகொண்டு இருமுவது தொழிலுக்கே அவமானம். கவனித்துக்கொள்.

உன் அம்மா இளைக்கவில்லை. அவள் ஏறும்போது மாடிப்படிக்குத்தான் மூச்சு வாங்குகிறது. கண்ணை மூடுவதில்லை. தலைக்கு மேல் இருக்கிற விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். பரீட்சை அறையில் ஒரு பையன் காப்பி அடிக்கிறான், எப்போது பிடிக்கலாம் என்று காத்திருக்கிற பார்வை.

சட்டதிட்டம் எல்லாம் அவள் கொண்டுவந்ததுதான். பாடியவர் பெயரும் வருஷமும் அவளுக்குத் தெரியக் கூடாது. விடைத்தாளில் பெயர் இருந்தால் கை நடுங்கும், எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறாள். அதனால் அட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ரெக்கார்டையும் எக்ஸ்ரே உறைக்குள் போடுகிறேன். நடுவில் இருக்கிற லேபிள் மேல் வட்டமாகப் பிளாஸ்திரி. பார்த்தால் எல்லா ரெக்கார்டுக்கும் தலையில் அடிபட்ட மாதிரி இருக்கும்.

இந்த மாதத் தீர்ப்புகள். முதலில், நீ முன்பு அனுப்பிய காட்டுக்கத்தல் ஆல்பம். கிதார் நாலு, கோபம் நானூறு. மின்விசிறி பயந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அடுத்த கடைத் தையல்காரரின் மெஷின் தானாக ஓடி, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தைத்து, பித்தானும் வைத்துவிட்டது. நான் மிரட்சியில் முப்பது பல் போட்டேன். அக்கா எழுபத்தொன்று. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒருத்தனும் தாளம் தப்பவில்லை, கத்துவது அவர்கள் குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்தது பெண்கள் சேர்ந்து பாடும் பழைய ஆல்பம். எனக்கு உருகிவிட்டது, இருபத்தொன்பது பல். அக்கா ஐம்பத்தைந்து. முன்வரிசையில் ஒருத்தி தன் குரல் தனியாகத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் எம்பிப் பாடுகிறாளாம். அத்தனை பேரில் அந்த ஒருத்தியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். வகுப்பில் அறுபது பேர், என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பேரரசர் மாமா

*

மார்ச் 3

அன்புள்ள மாமா,

இருமல் போய்விட்டது. நீங்கள் நலமா? மின்விசிறி நலமா?

எங்கள் ஆல்பம் வந்துவிட்டது. டயர் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், லாரி ஓடாத நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தது. எட்டுப் பாட்டு. ஆறில் நான் தனியாகப் பாடியிருக்கிறேன். முதல் பிரதி இந்தப் பார்சலில் இருக்கிறது. அட்டை இல்லை, வெள்ளை லேபிள் மட்டும். ரெக்கார்டு போட வேண்டிய வேகத்தை அதில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

இதையும் எக்ஸ்ரே உறையில் போட்டு ஒரு ஞாயிறு அம்மாவுக்குப் போடுங்கள் மாமா. ஏமாற்றுவது மாதிரிதான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் என் குரல் வந்தால் வைத்துவிடுகிறவள், நாற்காலியில் சாய்ந்த பிறகு எழுந்து போவாளா என்று பார்க்க வேண்டும்.

மார்க் எவ்வளவு என்பது பெரிதில்லை. பன்னிரண்டு போட்டாலும் சந்தோஷம்தான். கடைசிவரைக்கும் கேட்டாள் என்று தெரிந்தால் போதும்.

ஒன்றே ஒன்று. மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிடுங்கள். இதில் மட்டும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 25

சிரஞ்சீவி மருமகளுக்கு,

நலம். பார்சலும் நலமாக வந்து சேர்ந்தது. உன் ரெக்கார்டைக் கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி, அக்காவின் பார்வையில் படாமல் ஊசி மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். நானும் இன்னும் கேட்கவில்லை. முதலில் நடுவர் கேட்கட்டும்.

ஆனால் இரண்டு ஞாயிறாக ஏதோ ஒன்று தடுக்கிறது. ஒரு வாரம் மின்சாரம் இல்லை. ஒரு வாரம் அவளுக்கு முகமே சரியில்லை. மின்சாரம் இல்லாதது என்னவோ கால் மணி நேரம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் வேறு போட்டேன். பொத்தானை அமுக்கிச் செய்த புதுக்கால நடன ஆல்பத்துக்குப் பதினொன்றரை. பிரிட்ஜ் ஓடும் சத்தத்துக்குப் பாஸ் மார்க் போடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். போன வாரம் ஒரு பெண், கிதார் மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பழைய கேசட். அறுபத்துநாலு. அந்தப் பெண்ணுக்கு அப்போது என்ன வயது இருக்கும் என்று கேட்டாள். இருபத்தைந்துக்குள் என்றேன். நாற்காலிக் கைப்பிடியில் இல்லாத தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நிச்சயம்.

மாமா

*

ஏப்ரல் 6

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

சிங்கத்தின் கடைவாய்ப்பல்லை வெறுங்கையால் பிடுங்கியதாக எனக்குச் சின்ன வயதில் கதை சொன்னவர் நீங்கள். உங்கள் சொந்த அக்காவுக்கு ஒரு ரெக்கார்டு போட இவ்வளவு பயமா?

உங்கள் மருமகள்

*

ஏப்ரல் 21

சிங்கத்தை நினைவுபடுத்திய வீராங்கனைக்கு,

நலம் என்று எழுதக் கை கூசுகிறது. திட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்துகொள்.

போட்டேன். நேற்று மாலை அக்கா சாய்ந்தாள், நான் உன் ரெக்கார்டை எடுத்தேன், நம் சட்டப்படி லேபிள் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன், ஊசியை வைத்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் தையல்காரர் வந்து, இங்கே யார் சுவரை இடிப்பது என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு தடித்த மனிதர், மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஒரே வேளையில் சாப்பிட்டவர், சோபாவில் புதைந்துகொண்டு பாடுவது மாதிரி ஒரு குரல். டிரம்ஸ் ஒன்று விழுந்தால் அடுத்தது விழுவதற்குள் நான் டீ போட்டு வந்துவிடலாம். என் மருமகளுக்கு என்ன ஆயிற்று, வெந்நீர் வேலை செய்யவில்லையா என்று கலங்கிவிட்டேன். இருந்தாலும் நிறுத்தவில்லை. புதுமையாக ஏதோ செய்திருக்கிறார்கள் போல என்று தலையை வேறு ஆட்டினேன்.

அக்கா ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். முப்பத்தெட்டு. இந்த ஆளுக்கு நெஞ்சில் சளி, பாடுவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்க்கட்டும், பல் டாக்டரை இல்லை, என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் போன பிறகு பிளாஸ்திரியை உரித்தேன். பென்சிலில் நாற்பத்தைந்து என்று நீ எழுதியிருந்தாய். நான் முப்பத்துமூன்றில் மெதுவாக ஓடவிட்டு, உன் குரலை ஆண் குரலாக்கியிருந்தேன். வேகத்தை ஊரிலேயே அறிந்திருந்த ஒரே சாட்சியின் வாயில் நானே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

இது நடந்ததை நடந்தபடி எழுதியது. தையல்காரர் மட்டும் வரவில்லை.

தலைகுனிந்த மாமா
(குனிய முடியாத முதுகோடு)

*

ஏப்ரல் 29

அன்புள்ள மாமா,

நலம். சிரித்துச் சிரித்து வயிறுதான் நலமில்லை. டிரம்ஸ்காரன் இப்போது என்னை மரியாதையாக "அண்ணே" என்று கூப்பிடுகிறான். ரொட்டி கொண்டு வந்தால், சளிக்கு நல்லது என்று சொல்லி நீட்டுகிறான்.

அவன் போன பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா என் பாட்டை ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டாள், ஆனால் கேட்டது நான் இல்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொரு தரம் போடுங்கள் மாமா. நாற்பத்தைந்து. உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

*

மே 11

இசையுலகின் ஏகபோகச் சக்கரவர்த்தினிக்கு, எட்டுத் திசையும் நலம்!

போட்டேன். நாற்பத்தைந்தில் போட்டேன். வெற்றி!

உன் குரல் எழும்பியதும் கிளினிக் விளக்குகள் எல்லாம் தாமாக எரிந்தன. தெருவில் போன வண்டிகள் நின்றன. பிடுங்கிப்போட்ட பற்களுக்கெல்லாம் வேர் விட்டது. நான் முப்பத்திரண்டும் போட்டு, என் சொந்த ஞானப்பல் ஒன்றையும் சேர்த்து முப்பத்துமூன்றாக்கினேன். அக்காவின் கண்ணிலிருந்து வந்த தண்ணீர் தரையில் ஓடி வாசல்வரை போனதில், அடுத்த கடைத் தையல்காரர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார். மார்க் மட்டும் போட மாட்டேன் என்றாள், சொந்தப் பிள்ளையின் பேப்பரை டீச்சர் திருத்தக் கூடாதாம். அது கிடக்கட்டும், அதற்குப் பிறகு எழுந்து நின்று அவள் ஆற்றிய உரையைக் கேள். "என் மகளே, என்னை மன்னித்துவிடு. உன் குரலைக் கேட்காத இந்தக் காதுகள் எதற்கு" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம். பல் செட்டுகள் எழுந்து நின்று கைதட்டின.

பெட்டி கட்டிவிட்டாள். இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை காலை வண்டியில் உன் ஊருக்கு வருகிறாள். பாடத் தயாராக இரு!

வெற்றிவேந்தன்,
உன் மாமா

*

மே 27

மாமா,

நலம்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். அம்மா "என் மகளே" என்று பேசுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் மருந்துக்கடையில் விடுப்புச் சொல்லியிருந்தேன். அறையைக் கழுவி, கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தேன். ரொட்டி வண்டியைக் கேட்டு வாங்கி, டிரம்ஸ்காரன் வெளியே காத்திருந்தான். பெட்டி தூக்க முடியாமல் அவள் கஷ்டப்படக் கூடாது என்று.

வண்டி வந்தது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். அதற்கடுத்த வண்டியையும் பார்த்தேன்.

நீங்கள் சொல்கிற எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன். அவள் கேட்டாளா இல்லையா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

*

ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு முதுகைக் காரணம் சொல்லலாம். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ ஸ்டேஷனில் நிற்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றைக்கு அவள் போன பிறகு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, நடந்தது ரொம்பச் சின்னதாக இருந்தது. அதை அப்படியே எழுதினால் உனக்குப் போதாது என்று நினைத்துவிட்டேன். கொஞ்சம் பெரிதாக்கினேன். அப்புறம் கை நிற்கவில்லை. பெட்டி கட்டிவிட்டாள் என்று எழுதும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

அக்கா அழவில்லை. உரை எதுவும் ஆற்றவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் வாயில் நான் வைத்தது, அவளுக்குத் தெரிந்தால் என் பல்லையெல்லாம் பிடுங்கிவிடுவாள். பெட்டி கட்டவில்லை. டிக்கெட் வாங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஊசியை வைத்தேன். உன் குரல் வந்தது. அவள் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. அந்தப் பிடியை எத்தனையோ பேர் இறுக்கிப் பார்த்திருக்கிறேன், ஊசி போடும்போது. நிறுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் முடிந்து ஊசி வெறும் கோட்டில் உரசிக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மறுபக்கம் இல்லையா என்று அவள்தான் கேட்டாள். திருப்பிப் போட்டேன். அதுவும் முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறாள். வேறு ஆல்பங்கள் போடுகிறேன், மார்க் போடுகிறாள், உன் பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வெட்கங்கெட்ட கடிதத்தில் ஒரு வரி இருந்தது. உரையைச் சொல்கிற அவசரத்தில் நானே அதைத் தள்ளிவிட்டு ஓடினேன். உன் பாட்டு முடிந்ததும், பழக்கத்தில் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"சொந்தப் பிள்ளையோட பேப்பரை டீச்சர் திருத்தக் கூடாதுடா."

அது மட்டும் நான் கட்டிய கதை இல்லை.

உன் மாமா